'நல்லா இருக்கு சார்' போதாது: சங்கத்தின் புது இணையதளத்தைப் பற்றி உறுப்பினர்களிடம் கேட்கும் முறை

எங்கள் சங்கத்துக்குப் புது இணையதளம் வந்த அன்று வாட்ஸப் குழுவில் ஒரே கைதட்டல். 'சூப்பர்', 'அருமை', 'ரொம்ப மாடர்னா இருக்கு' என்று இரவு வரை செய்திகள் வந்துகொண்டே இருந்தன. இணையதளக் குழுவில் தன்னார்வலராக இருந்த நானும் நன்றி சொல்லிச் சொல்லியே களைத்துப்போனேன். மூன்று வாரம் கழித்துப் பொருளாளர் கூப்பிட்டார். "பாராட்டெல்லாம் சரி. சந்தா ஏன் வரலை?"

பழைய தளத்தில் சந்தா கட்டும் இணைப்பு முதல் பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் கண்ணைக் குத்துகிற மாதிரி இருந்தது. புதுத் தளத்தில் அழகு கருதி அதைத் தூக்கி, லாகின் செய்த பிறகு வரும் மெனுவுக்குள் வைத்துவிட்டோம். போனில் அந்த மெனு மூன்று கோடுகளாகச் சுருங்கிவிடும். அந்தக் கோடுகளைத் தட்ட வேண்டும் என்பதே பலருக்குத் தெரியவில்லை. கைதட்டியவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. முதல் பக்கத்தைப் பார்த்தார்கள், படம் நன்றாக இருந்தது, பாராட்டினார்கள். சந்தா கட்டிப் பார்க்கவில்லை.

நான் இருப்பது பெங்களூர் அல்சூரில். பகலில் மென்பொருள் சோதனை வேலை. சங்கத்தின் பெயர் வேண்டாம். பொறியாளர், கணக்காளர், நூலகர் என்று எந்தத் தொழில்முறைச் சங்கமானாலும் கதை ஏறக்குறைய இதுதான். உங்கள் சங்கத்தில் "நீங்கதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே" என்று இந்தப் பொறுப்பை உங்கள் தலையில் கட்டியிருந்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

முதலில் போன் எடுப்பவரிடம் போங்கள்

கேள்வித்தாள் தயாரிப்பதற்கு முன், உறுப்பினர்கள் இணையதளத்துக்கு எதற்காக வருகிறார்கள் என்று தெரிய வேண்டும். செயற்குழுவைக் கேட்டால் 'சங்கத்தின் நோக்கம்', 'தலைவரின் செய்தி' என்பார்கள். தலைவரின் செய்தியைப் படிக்க யாரும் வருவதில்லை. தலைவரே வருவதில்லை.

சங்க அலுவலகத்தில் போன் எடுக்கிற ஒருவர் இருப்பார். அவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். எங்கள் அலுவலக அம்மா ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். யார் கூப்பிட்டார்கள், எதற்கு என்று தேதிவாரியாக அதில் இருந்தது. சந்தா ரசீது கம்பெனியில் காட்ட வேண்டும், முகவரி மாறிவிட்டது, சான்றிதழ் டவுன்லோட் ஆகவில்லை, மாணவர் உறுப்பினர் முழு உறுப்பினராக மாற என்ன செய்யணும், பழைய இதழ்க் கட்டுரை ஒன்று வேண்டும், சனிக்கிழமை கூட்டத்துக்குப் பதிவு செய்தேன் ஆனால் மெயில் வரவில்லை. இப்படி எட்டு வேலைகளுக்குள் மொத்த நோட்டும் அடங்கிவிட்டது. தளத்தின் தேடல் பெட்டியில் மக்கள் என்ன சொல்லைத் தட்டுகிறார்கள் என்ற பதிவு கிடைத்தால் அதையும் வாங்கிப் பாருங்கள். அலுவலகத்தில் 'உறுப்பினர் நிலை மேம்பாடு' என்று எழுதிவைத்ததை, தேடுகிறவர்கள் வேறு ஏதோ பெயரில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அந்த எட்டு வேலைகள்தான் உங்கள் சோதனை. வேறெதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

யாரைக் கேட்பது

செயற்குழுவை மட்டும் கேட்காதீர்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

எத்தனை பேர் என்பதற்கு இந்தத் துறையில் ஒரு பிரபலமான எண் உண்டு: 5. இணையதளங்களைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று ஆராயும் யாக்கோப் நீல்சன் 2000-ஆம் ஆண்டு இதை எழுதிப் பரப்பினார். அதற்கு அடிப்படையான கணக்கை அவரும் டாம் லாண்டவரும் 1993-இலேயே வெளியிட்டிருந்தார்கள். ஒருவரை உட்கார வைத்துப் பார்த்தால் தளத்தின் குறைகளில் சராசரியாக 31 சதவீதம் தெரியவரும். அடுத்தவர் காட்டுவதில் ஒரு பகுதி ஏற்கெனவே பார்த்ததாக இருக்கும். இப்படியே போனால் 5 பேரில் சுமார் 85 சதவீதம் வந்துவிடும். அந்த 31 என்பது அவர்கள் பார்த்த திட்டங்களின் சராசரிதான், உங்கள் தளத்துக்கும் அதுவே வரும் என்று இல்லை. இன்னொன்று, 5 பேரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. ஜாலஹள்ளியில் பொதுத்துறைத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவரும், ஒயிட்ஃபீல்டில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான பெண்ணும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. அதனால் ஓய்வு பெற்றவர், வேலையில் இருப்பவர், மாணவர் என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் நான்கைந்து பேரைப் பாருங்கள். 15 பேரை ஒரே நாளில் பார்க்க வேண்டியதில்லை. 5 பேர் பார்த்து, கண்ணில் பட்டதைத் திருத்தி, அப்புறம் அடுத்த 5 பேர். இதுதான் நீல்சன் சொன்னதன் சாரமும்.

நான்காவதாக ஒரு பிரிவு உண்டு. சந்தா கட்டாமல் விட்டுப்போனவர்கள். இவர்களைப் பிடிப்பது கஷ்டம், ஆனால் பிடித்தால் பொன். ஒருவர் என்னிடம் சொன்னார்: "நான் சங்கத்தை விடலை. ஓடிபி பழைய நம்பருக்குப் போகுது, நம்பரை மாத்தணும்னா லாகின் பண்ணணும், லாகின் பண்ணணும்னா ஓடிபி வேணும்." இரண்டு வருடமாக அவர் வெளியில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் பட்டியலில் 'ஆர்வம் குறைந்தவர்' என்று இருந்தது.

ஆட்களைப் பிடிக்க மாதக் கூட்டம்தான் நல்ல இடம். உரை முடிந்து காபியும் வடையும் வரும் அந்த இருபது நிமிடத்தில் இரண்டு பேரையாவது உட்கார வைத்துவிடலாம். இதற்கென்று தனியாக எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து மாலை ஆறு மணிக்கு நகருக்குள் வரச் சொல்லாதீர்கள். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டி வருவதற்குள் அவர் மனதில் இணையதளத்தின் மீது தனியாக ஒரு கோபம் சேர்ந்திருக்கும். நீங்கள் போங்கள், இல்லையென்றால் வீடியோ காலில் அவர் போன் திரையைப் பகிரச் சொல்லுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்வது

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்கு முன்னேற்பாடு.

தொடங்கும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "சார், இது உங்களுக்கு வைக்கிற பரீட்சை இல்லை. தளத்துக்கு வைக்கிற பரீட்சை. எங்கேயாவது மாட்டிக்கிட்டா அது எங்க தப்பு. மனசுல என்ன ஓடுதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க." அப்புறம் வேலையைக் கொடுங்கள். இங்கேதான் புதியவர்கள் எல்லாரும் தவறுவார்கள், நானும் தவறினேன். 'உறுப்பினர் கணக்கில் சென்று சந்தாவைப் புதுப்பிக்கவும்' என்று எழுதிக் கொடுத்தால், அவர் அந்தச் சொற்களைத் திரையில் தேடுவார், கண்டுபிடிப்பார், நீங்கள் மகிழ்ந்து போவீர்கள். மெனுவில் இருக்கிற சொல் உங்கள் வாயில் வரவே கூடாது. இப்படிச் சொல்லுங்கள்: "மார்ச்சோட சங்கத்துல உங்க வருஷம் முடியுது. அடுத்த வருஷமும் தொடரணும். என்ன செய்வீங்க?"

பிறகு பேசாதீர்கள். அவர் தடுமாறும்போது கை தானாக நீளும், 'மேல பாருங்க' என்று நாக்கு துடிக்கும். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். "இதை அழுத்தவா?" என்று கேட்டால், "நான் பக்கத்தில இல்லைன்னா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். இதைக் கொஞ்சம் சிரித்த முகத்தோடு கேட்க வேண்டும், இல்லாவிட்டால் திமிராகத் தெரியும்.

எந்த மொழியில் பேசச் சொல்வது என்பதற்கும் ஒரு பாடம் படித்தேன். எங்கள் சங்கத்தில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும், முதல் சோதனைகளையும் அப்படியே நடத்தினேன். ஆங்கிலத்தில் எல்லாரும் கண்ணியமானவர்கள். "கொஞ்சம் குழப்பமாக உள்ளது" என்பதைத் தாண்டிப் போக மாட்டார்கள். அதே ஆளைத் தமிழில் பேசச் சொன்னபோது, "எந்தப் புண்ணியவான் இதைக் கொண்டுபோய் இங்கே ஒளிச்சு வெச்சான்?" என்று வந்தது. நமக்கு வேண்டியது அதுதான். கன்னடக்காரர்களுக்குக் கன்னடத்தில். எனக்கு அவ்வளவு வராது என்பதால் ஒரு கன்னட நண்பரை உட்கார வைத்தேன். இந்த ஊரின் தாரக மந்திரமே 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' (கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க) இல்லையா? மோசமான தளத்தோடும் அட்ஜஸ்ட் செய்துகொண்டு போய்விடுவார்கள். அந்த அட்ஜஸ்ட்மென்ட்டைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான், யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள்.

அவரவர் போனிலேயே செய்யச் சொல்லுங்கள். உங்கள் புது லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள். ஜாலஹள்ளி சார் ஒருவர், எழுபது தாண்டியவர், தன் போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தார். அந்த அளவில் எங்கள் சந்தாப் பக்கத்தில் பணம் கட்டும் பட்டன் திரைக்கு வெளியே போய்விட்டது. அவர் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "தம்பி, எல்லாம் படிச்சாச்சு, இனி செக் எழுதி அனுப்பணுமா?" என்று கேட்டார். இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் நெறிகளில் எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் எதுவும் மறையக் கூடாது என்று இருக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கள் வடிவமைப்பாளர் வெள்ளையில் இளஞ்சாம்பல் எழுத்து போட்டிருந்தார், ரொம்ப நேர்த்தியாக. ஜாலஹள்ளி சார் அதைப் படிக்கப் போனை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார்.

பார்வையற்ற உறுப்பினர் யாராவது இருந்தால் அவசியம் கேளுங்கள், ஆட்டோச் செலவைச் சங்கம் கொடுக்கட்டும். அதற்கு முன் நீங்களே ஒருமுறை ஆண்ட்ராய்டு போனில், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் டாக்பேக்கை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் தளத்தில் லாகின் செய்து பாருங்கள். கணினிக்கு என்விடிஏ என்ற இலவச ஸ்க்ரீன் ரீடர் இருக்கிறது. 'பட்டன், பட்டன், படம், பட்டன்' என்று அது வாசிப்பதைக் கேட்டால் மீதி வேலை என்ன என்று புரிந்துவிடும்.

இன்னொரு குறையையும் உட்கார்ந்து பார்த்ததால்தான் பிடித்தோம்: பெயர். புது விண்ணப்பத்தில் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' இரண்டும் கட்டாயம். நம் ஆட்களில் பெரும்பாலோருக்குக் கடைசிப் பெயர் கிடையாது. முன்னால் அப்பா பெயரின் ஒரு எழுத்து, அவ்வளவுதான். ஒருவர் இரண்டு கட்டத்திலும் ஒரே பெயரைப் போட்டார், சான்றிதழில் 'முருகன் முருகன்' என்று வந்தது. ஒருவர் புள்ளி வைத்தார். ஒரு அம்மா கணவர் பெயரைப் போடுவதா, பாஸ்போர்ட்டில் இருக்கிற அப்பா பெயரைப் போடுவதா என்று என்னையே திரும்பிப் பார்த்தார். தமிழர்கள் விஷயம் மட்டுமல்ல இது, இனிஷியல் வைத்துக்கொள்ளும் கன்னடக்காரர்களும் அதே இடத்தில் நின்றார்கள். கருத்துக் கேட்கும் படிவத்தில் இதை ஒருவரும் எழுதவில்லை. பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து பேங்க் வரை எல்லா இடத்திலும் படும் அவதி என்பதால் இதை ஒரு குறையாகவே யாரும் நினைப்பதில்லை. 'முழுப் பெயர்' என்று ஒரே கட்டமாக மாற்றினோம். அரை நாள் வேலை.

திரையைப் பதிவு செய்வதாக இருந்தால் முன்னாலேயே அனுமதி கேளுங்கள். எதற்கு, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்று சொல்லிவிடுங்கள். ஒத்துக்கொண்ட நோக்கத்துக்கு மட்டுமே தகவலைப் பயன்படுத்த வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ பார்க்க வழி இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது, தமிழும் அதில் உண்டு. ஓடிபி வரும்போதும் யூபிஐ பின் போடும்போதும் பதிவை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வித்தாள்

கேள்வித்தாளே வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்த்த பிறகு அனுப்புங்கள், முன்னால் அல்ல. 'புதிய தளம் எப்படி இருக்கிறது? ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை?' என்று அனுப்பினால் 4.2 என்று ஒரு எண் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

எண்தான் வேண்டுமென்றால், பயன்படுத்த எவ்வளவு எளிது என்பதை அளக்கும் எஸ்யூஎஸ் என்ற பழைய அளவுகோல் இருக்கிறது. ஜான் புரூக் 1986-இல் உருவாக்கியது. பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. ஒற்றைப்படை வாக்கியங்கள் புகழ்ச்சி, இரட்டைப்படை வாக்கியங்கள் குறை. ஒற்றைப்படையில் கொடுத்த எண்ணிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும். இரட்டைப்படையில் 5-லிருந்து கொடுத்த எண்ணைக் கழிக்க வேண்டும். பத்தையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் 100-க்குள் ஒரு மதிப்பெண் வரும். ஒருவருக்குக் கழித்த பிறகு ஒற்றைப்படையில் 15, இரட்டைப்படையில் 15 வந்தால் 30 பெருக்கல் 2.5, அதாவது 75. பொதுவாக 68-ஐச் சராசரி என்பார்கள். இது சதவீதம் இல்லை, செயற்குழுவில் யாராவது '75 சதவீதம் பேருக்குப் பிடித்திருக்கிறது' என்று சொன்னால் உடனே திருத்துங்கள். இந்த எண் தெர்மாமீட்டர் மாதிரி: காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தால் அந்தக் குறை வாக்கியங்களில் கவனம் வேண்டும், அவசரமாகப் படிப்பவர்கள் எல்லாவற்றுக்கும் 5 போட்டுவிட்டுப் போவார்கள்.

என்னைக் கேட்டால், இரண்டே கேள்வி போதும். கடைசியாக எதற்காகத் தளத்துக்கு வந்தீர்கள்? அந்த வேலை முடிந்ததா? அடியில் எழுத ஒரு காலி இடம். பதில்கள் சின்னதாகவும் நேராகவும் வரும்.

வந்ததை வைத்து என்ன செய்வது

ஒரு எக்செல் தாள் போதும். நடந்தது என்ன, எத்தனை பேருக்கு, வேலை நின்றுபோனதா அல்லது தாமதமானதா என்று மூன்று நெடுவரிசை. அவர் *செய்ததை* ஒரு நிறத்திலும் அவர் *சொன்னதை* வேறு நிறத்திலும் குறியுங்கள். ரசீதைக் கண்டுபிடிக்க நாலு நிமிடம் அலைந்துவிட்டு முடிவில் "நல்லா இருக்கு, ஈஸிதான்" என்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் பண்பாடு அப்படி. வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்தவனிடம் காபி கசக்கிறது என்று யார் சொல்வார்?

வேலை நின்றுபோன இடங்களை முதலில் திருத்துங்கள், அது ஒருவருக்கு மட்டும் நடந்திருந்தாலும். அழகு, நிறம், எழுத்து வடிவம் எல்லாம் கடைசியில். முன்னாள் தலைவர் ஒருவர் சங்கச் சின்னத்தின் நீலம் மாறிவிட்டது என்று இரண்டு பக்கத்துக்கு எழுதுவார். மரியாதையாக நன்றி சொல்லிப் பட்டியலில் சேருங்கள், வரிசை எண் மட்டும் அவருக்காக மாறக் கூடாது. இதைச் சொல்வது சுலபம், செயற்குழுக் கூட்டத்தில் அவர் எதிரே உட்கார்ந்து சொல்வது வேறு. அப்போது அந்த எக்செல் தாள்தான் உங்களுக்குக் கேடயம்.

'பழைய தளமே நல்லா இருந்துச்சு' என்ற புலம்பல் கட்டாயம் வரும். அதில் பாதி பழக்கம், சில வாரங்களில் அடங்கிவிடும். மறு பாதியை விசாரியுங்கள். எங்கள் விஷயத்தில் பழைய இதழ்க் கட்டுரைகளின் இணைப்புகள் மொத்தமாகச் செத்துப்போயிருந்தன. பேராசிரியர்கள் தங்கள் பக்கங்களில் கொடுத்திருந்த இணைப்புகள் எல்லாம் 'பக்கம் இல்லை' என்று 404 காட்டின. பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் 301 ஏற்பாட்டை யாரும் செய்யவில்லை. அது பழக்கம் இல்லை, நிஜமான இழப்பு.

முடிந்தால் புதுத் தளத்தைத் திரைபோட்டு மூடிவைத்து ஒரே நாளில் திறக்காதீர்கள். எங்கள் அல்சூரில் திருவள்ளுவர் சிலை 1991-இலிருந்து 2009 வரை 18 வருடம் மூடியே கிடந்தது. அதற்கு அரசியல் காரணம், வள்ளுவருக்கும் அவசரமில்லை. சந்தா கட்டுகிறவர்களுக்கு அந்தப் பொறுமை இருக்காது. பழையதும் புதியதும் ஒரு மாதம் பக்கம்பக்கமாக ஓடட்டும், முதலில் ஒரு கிளை மட்டும் புதியதைப் பயன்படுத்தட்டும்.

திருத்திய பிறகு, சொன்னவர்களுக்குத் தகவல் போக வேண்டும். பொதுவாக 'உங்கள் கருத்துகளுக்கு நன்றி' என்று போடாதீர்கள். 'சந்தா கட்டும் பட்டன் மறுபடி முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது, கடைசிப் பெயர் இனி கட்டாயமில்லை, ஓடிபி எண்ணை மாற்ற அலுவலகத்தைக் கூப்பிடலாம்' என்று வாட்ஸப்பில் மூன்று வரி. செய்ய முடியாதவற்றையும் காரணத்தோடு சொல்லுங்கள். எங்களுக்கு அந்த மூன்று வரிக்குப் பிறகு வந்த கருத்துகள், முதல் நாள் கைதட்டல்களைவிட எவ்வளவோ உருப்படியாக இருந்தன.

அப்புறம் வேறு 5 பேர், அதே எட்டு வேலைகள். ஜாலஹள்ளி சாரைத் திரும்பக் கூப்பிடுவதாக இல்லை, அவருக்கு வழி தெரிந்துவிட்டதால் சோதனைக்கு இனி ஆகமாட்டார். ஆனால் அவரே கூப்பிட்டார். சந்தா கட்டிவிட்டாராம், பட்டன் தெரிந்ததாம், ஜன்னல் பக்கம் போக வேண்டியிருக்கவில்லையாம்.

"எல்லாம் சரி தம்பி. ரசீதில என் பேருக்கு முன்னால திருமதின்னு போட்டிருக்கே?"

அதை எக்செல் தாளில் 43-ஆவது வரியாகச் சேர்த்துக்கொண்டேன்.